மறுக்கவும் மறுப்பை ஏற்கவும் ஒரு வகுப்பு

பதின்ம வயதில் நட்பும் ஈர்ப்பும் திடீரென்று பெரிய விஷயங்களாகிவிடுகின்றன. உணர்ச்சியையும் துணிச்சலையும் தூண்டும் மூளைப் பகுதிகள் பருவமடையும் காலத்திலேயே வேகம் பிடிக்கின்றன. அவற்றை நிதானப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர, வயது 20ஐத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகும். முதல் காதலும் முதல் பிரிவும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. பெரியவர்கள் நெடுங்காலம் இதற்குக் கையாண்டது கண்டிப்பு அல்லது மௌனம். உறவில் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பாடமாக வைக்கலாம், பலன் கிடைத்ததா என்று அளந்தும் பார்க்கலாம் என்ற எண்ணம் 1990களில்தான் வலுப்பெற்றது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் கிராமப்புற மாவட்டம் ஒன்றின் 14 பள்ளிகளில், 1994இல் தொடங்கிய ‘சேஃப் டேட்ஸ்’ திட்டம் இதில் முன்னோடி. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு 45 நிமிடம் வீதம் பத்து வகுப்புகள், மாணவர்களே நடிக்கும் ஒரு நாடகம், ஒரு சுவரொட்டிப் போட்டி, அவ்வளவுதான். நான்கு ஆண்டுகள் கழித்து விசாரித்தபோதும், இவற்றில் பங்கேற்றவர்களிடையே காதல் உறவில் அடிப்பதும் அடிபடுவதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தன.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உளவியலாளர் டேவிட் வுல்ஃபும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ‘ஃபோர்த் ஆர்’ இன்னும் விரிவானது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றோடு உறவும் நான்காவது அடிப்படைக் கல்வி என்பது அதன் பெயருக்குள் இருக்கும் கருத்து. ஒன்பதாம் வகுப்பின் உடற்கல்வி, சுகாதாரப் பாடத்துக்குள்ளேயே 21 பாடங்களாக அதைச் சேர்த்தார்கள். தனிச் சிறப்பு வகுப்பு என்று வைத்தால் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், பெற்றோர் சந்தேகப்படுவார்கள். கால அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் பாடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்தப் பாடத்தின் ஆசிரியர்களுக்கே கூடுதல் பயிற்சி கொடுக்கப்பட்டது.

இத்தகைய வகுப்பின் உயிர் நடிப்புப் பயிற்சியில் இருக்கிறது. “என்மேல நம்பிக்கை இருந்தா உன் போன் பாஸ்வேர்டைக் கொடு” என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்கப்பட்டவருக்கு மூன்று வழிகள் உண்டு: நேராக மறுக்கலாம், “இப்போ வேண்டாம், அப்புறம் பேசலாம்” என்று தள்ளிப்போடலாம், இருவருக்கும் பொருந்தும் ஏற்பாடு ஒன்றைப் பேசி முடிவு செய்யலாம். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் படித்த மறுப்பு, நெருக்கடியில் நாக்குக்கு வருவதில்லை. அடங்கிப் போவது, சீறுவது, பணிவு குறையாமல் உறுதியாகப் பேசுவது ஆகியவை ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன என்பதும் பேசிப் பார்க்கும்போதுதான் காதுக்குப் புரிகிறது.

பிறகு பாத்திரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். மறுப்பைக் கேட்டுக்கொண்டு, கெஞ்சாமல், பழிவாங்காமல், தற்கொலை மிரட்டல் விடாமல் விலகுவதும் தனித் திறன். ‘ஒருதலைக் காதல்’ என்ற தலைப்பில் வரும் குற்றச் செய்திகளைப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பெண்பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்வதில் நாம் காட்டும் அக்கறையில் பாதிகூட, ஆண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருவதில் காட்டுவதில்லை.

ஒன்டாரியோவில் 20 பள்ளிகளைச் சேர்ந்த 1,722 மாணவர்களிடம் ‘ஃபோர்த் ஆர்’ பற்றி நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. இரண்டரை ஆண்டுக்குப் பின், காதலிப்பவரை உடல்ரீதியாகத் தாக்கியதாக ஒப்புக்கொண்டவர்கள் வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 9.8 சதவீதம், இந்த வகுப்பில் படித்தவர்களில் 7.4 சதவீதம். பையன்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 7.1க்கு எதிரே 2.7. பெண்களிடம் மாற்றம் ஏறக்குறைய இல்லை: 12.1, 11.9. அடி எவ்வளவு கடுமையானது, யார் முதலில் கை ஓங்கியது என்பதையெல்லாம் இந்தச் சதவீதங்கள் சொல்வதில்லை என்பதால், பெண்களே அதிகம் தாக்குகிறார்கள் என்று முடிவு கட்டுவது அவசரம்.

வகுப்பறைப் பாடம் மட்டும் எப்போதும் போதுமானதாக இருப்பதில்லை. நியூயார்க் நகரின் நடுநிலைப் பள்ளிகளில் நடந்த ‘ஷிஃப்டிங் பௌண்டரீஸ்’ ஆய்வில், பாடம் மட்டும் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. பள்ளிச் சூழலையே மாற்றிய இடங்களில் பாலியல் சீண்டல் குறைந்தது. பள்ளிக்குள் எந்தெந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று மாணவர்களே வரைபடத்தில் குறித்தார்கள்; அங்கே ஆசிரியர்களின் கண்காணிப்பு கூட்டப்பட்டது. தொல்லை கொடுத்தவர் விலகி நடக்க வேண்டும் என்று எழுத்துபூர்வ ஒப்பந்தமும் போடப்பட்டது.

மும்பையில் ‘பரிவர்த்தன்’ திட்டம் வகுப்பறையையே விட்டு மைதானத்துக்குப் போனது. பெண்களை மதித்து நடப்பது பற்றிப் பையன்களிடம் பேச, கிரிக்கெட் பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. அப்பாவிடம் பேசாததைக் கோச்சிடம் பேசும் வயது அது என்பதால், ஆளைத் தேர்ந்தெடுத்ததே பாதி வெற்றி எனலாம்.

இந்தியாவில் 2020இல் தொடங்கிய பள்ளி உடல்நல, நலவாழ்வுத் திட்டத்தின் 11 கருப்பொருள்களில் மனநலம், மனிதர்களுக்கிடையேயான உறவுகள், பாலினச் சமத்துவம், இணையப் பாதுகாப்பு ஆகியவையும் உண்டு. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இதற்கெனப் பயிற்சி பெற வேண்டும். இங்கே பாடம் நடத்துபவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் குழந்தையே. அவரது சம்மதம் பாலுறவைச் சட்டபூர்வமாக்காது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது ஆசிரியர் உட்பட அனைவரின் கடமை. ஆகவே, மாணவர் மனம் திறக்கும் முன்பே, எதை ரகசியமாக வைத்துக்கொள்ள முடியும், எதை முடியாது என்று ஆசிரியர் சொல்லிவிடுவது நல்லது. பள்ளியில் யாரிடமும் பேச முடியாத பிள்ளைகள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.