வெள்ளையா, நீலமா?



ஒரே படம். ஒரே விளக்கின் கீழே, ஒரே திண்ணையில் அமர்ந்து பார்க்கிறார்கள் இருவர். "வெள்ளைத் துணி, தங்க நிற லேஸ்" என்கிறான் அண்ணன். "உன் கண்ணிலே கோளாறு! நீலத் துணி, கறுப்பு லேஸ்" என்கிறான் தம்பி. இருவரும் பொய்யரல்லர். இருவருக்கும் கண்நோயும் இல்லை. ஆயினும் ஒருவன் காண்பதை மற்றவன் காண முடியவில்லை!

கற்பனையல்ல இது. 2015 பிப்ரவரியில் உலகமே இப்படி இரு முகாமாகப் பிரிந்து நின்றது. ஸ்காட்லாந்தின் கொலன்சே என்னும் சின்னஞ்சிறு தீவிலே ஒரு திருமணம். மணமகளின் தாயார், தாம் அணிவதற்கெனக் கடையில் ஒரு கவுனைப் பார்த்து, படமெடுத்து மகளுக்கு அனுப்பினார். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நிறத்திலே தகராறு. படம் இணையத்தில் ஏறிற்று. ஓரிரு நாளில் கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தனர். கணவனும் மனைவியும் வாதாடினர், காரியாலயங்களில் வேலை நின்றது.

உண்மை நிறம் என்ன? விற்ற கடைக்காரனுக்கு ஐயமே இல்லை. நீலமும் கறுப்பும்தான். ஆனால் 1,401 பேரிடம் கேட்டு அதே ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: நீலம்-கறுப்பு என்றோர் நூற்றுக்கு 57, வெள்ளை-தங்கம் என்றோர் 30, நீலம்-பழுப்பு என்றோர் 11.

காரணம் என்ன? கண் நிறத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போய் மூளையிடம் கொட்டுவதில்லை. துணியிலிருந்து வரும் ஒளியிலே துணியின் நிறமும் கலந்திருக்கிறது, மேலே விழுந்த விளக்கின் நிறமும் கலந்திருக்கிறது. விளக்கின் பங்கு எவ்வளவு என்று மூளை கணக்கிட்டு, அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தையே நமக்கு 'நிறம்' என்று காட்டுகிறது. புடவை எடுக்கப் போகும் தாய்மார்கள் கடை விளக்கை நம்பாமல், துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பது ஏன்? விஞ்ஞானி எழுதுமுன்பே அவர்கள் அறிந்த சேதி இது!

அந்தப் படத்திலோ விளக்கு எங்கே, வெயில் எங்கே என்று தெரியவில்லை. ஆகவே மூளை ஊகிக்கிறது. நிழலில் நிற்கும் துணி என்று ஊகித்தவர், நீலச் சாயலைக் கழித்தார், வெள்ளை தெரிந்தது. மஞ்சள் விளக்கடியில் நிற்கும் துணி என்று ஊகித்தவர், மஞ்சளைக் கழித்தார்; நீலம் தெரிந்தது. ஊகம் எங்கிருந்து வந்தது? நியூயார்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் பாஸ்கல் வாலிஷ் 13,000 பேருக்கு மேல் விசாரித்து 2017இல் எழுதினார்: விடியலில் எழுந்து பகலொளியில் பழகியவர்களுக்கு வெள்ளை தெரிவது சற்று அதிகம், இரவில் விழித்து விளக்கொளியில் பழகியவர்களுக்கு அது குறைவு. பகல் ஷிப்டுக்காரனும் இரவு ஷிப்டுக்காரனும் காணும் உலகம் கொஞ்சம் வேறு என்றுதானே பொருள்!

கவுனோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விடலாம். போகவில்லையே!

பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளைக் காப்பது பற்றி எச்சரிக்க ஒரு படம் எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வருவோர் குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். பிறகு திரும்பி வந்து, அறிவிப்பு அட்டையைக் காட்டுவார்கள். கடைசிப் பகுதியை எவனோ வெட்டி எறிந்தான். மிச்சம் வாட்ஸ்அப்பில் நம் நாடெங்கும் பரவிற்று, 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்' என்று. விளக்கு தெரியாத படம் போலவே, முடிவு தெரியாத படம். இங்கே இடைவெளியை நிரப்பியது அச்சம்! 2018 ஜூலை 1ஆம் நாள், மராட்டியத்தின் துளே மாவட்டம் ரெயின்பாடா கிராமத்தில், பிச்சை எடுத்துப் பிழைக்க வந்த நாடோடிகள் ஐவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. அதற்கு முன்பே, மே மாதத்தில், நம் திருவண்ணாமலை மாவட்டத்திலே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியையும் இதே வதந்தி பலிகொண்டது. மிட்டாய் கொடுத்த கை, அன்றைக்குக் கடத்தும் கையாகத் தெரிந்திருக்கிறது!

கூட்டத்திலே நின்றவர்கள் பிறவிக் கொலைகாரர்களா? அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். அவர்களுக்குத் தம் கண்மீது ஐயம் எழவில்லை, அவ்வளவுதான். இணையக் கம்பெனிக்கோ, பதறி அனுப்புகிற விரலும் நிதானித்து அனுப்புகிற விரலும் ஒன்றே. அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வீச்சில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தத் தொடங்கிற்று. ஐவர் பிணமான பிறகு!

2023 மார்ச்சிலே தொழிலாளியையே குறிவைத்தார்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று படங்கள் பறந்தன. பாட்னாவில் அமர்ந்து பார்த்த தாய்க்கு, அடிபடுகிறவன் முகம் தன் மகன் முகமாகத் தெரிந்திருக்காதா? தமிழகக் காவல்துறைத் தலைவர் மறுத்தார்: ஒரு படம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தமக்குள்ளே போட்ட சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். பீகார் அரசு நம்பவா வேண்டாமா என்று அமர்ந்திராமல் அதிகாரிகள் குழுவை அனுப்பிற்று. அவர்கள் திருப்பூருக்கே வந்து, தொழிலாளர்களை நேரில் கண்டு பேசினார்கள். துணியை வாசலுக்கு எடுத்துவந்து பார்ப்பதுபோல.