மஸ்டாங் வாங்கலாம்... சைலன்சரை மாற்றலாமா? சென்னையில் ஒரு அமெரிக்க மசில் காரின் முழுக் கணக்கு!

தி.நகர் பாண்டி பஜாரில் சனிக்கிழமை மாலை. ஆட்டோ ஹாரன், பைக் இரைச்சல், பலூன்காரரின் பீப்பி. இத்தனைக்கும் நடுவே ஒரு ஃபோர்டு மஸ்டாங் மெல்ல ஊர்ந்து வந்தால் போதும். அடிவயிற்றில் அதிரும் அந்த உறுமலைக் கேட்டுக் குழந்தைகள் திரும்பிப் பார்ப்பார்கள். பெரியவர்கள் செல்போனை எடுப்பார்கள். 'என்ன விலை இருக்கும்?' என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும்.

விலையைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் காரை வாங்கியவர்களுக்கும், செகண்ட் ஹேண்டில் வாங்கத் துடிப்பவர்களுக்கும் முதலில் வரும் ஆசை, 'இன்னும் கொஞ்சம் மாத்தலாமே!' என்பதுதான். சத்தம் கூட்டலாம், வீல் மாற்றலாம், கலர் மாற்றலாம். அப்படி மாற்றினால் காரின் மதிப்பு ஏறுமா, இறங்குமா?

ஏன் மஸ்டாங் மட்டும்?

பெரிய எஞ்சின், இரண்டு கதவு, நீண்ட பானெட்... இதுதான் 'மசில் கார்' என்பதன் எளிய அடையாளம். மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. ஆரம்ப விலை 2,368 டாலர். அந்த விலைக்கு அடிப்படைக் கார் மட்டும்தான். எஞ்சின், கியர், சீட், ரேடியோ என ஒவ்வொன்றையும் பட்டியலைப் பார்த்து, காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதாவது, 'உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கோங்க' என்று சொல்லியே விற்கப்பட்ட கார் இது.

அதன் போட்டியாளர்களான செவர்லே கமாரோ, டாட்ஜ் சேலஞ்சர் இரண்டும் தொழிற்சாலையிலிருந்து இடப்பக்க ஸ்டீயரிங்குடன் வந்தவை. இந்தியாவுக்குள் புதிய காரை இறக்குமதி செய்ய வலப்பக்க ஸ்டீயரிங் அவசியம். ஆறாவது தலைமுறை மஸ்டாங்கைத்தான் ஃபோர்டு முதன்முறையாக வலப்பக்க ஸ்டீயரிங்குடன் தயாரித்து உலகம் முழுக்க அனுப்பியது. 2016 ஜூலையில் இந்தியாவுக்கும் வந்தது. டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். 5 லிட்டர் வி8 எஞ்சின், 401 குதிரைசக்தி, 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர். அமெரிக்காவில் பட்டியல் போட்டு விற்ற கார், இங்கே ஒரே ஒரு வேரியன்ட்டில் கிடைத்தது.

இதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. ஃபோர்டு தொழிற்சாலை நம் மறைமலை நகரில்தான் இருந்தது. ஆனால், மஸ்டாங் மிச்சிகனிலிருந்து கப்பலில் வந்தது. 2020-ல் பி.எஸ்.6 விதிகள் அமலானபோது அதன் விற்பனை நின்றது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மஸ்டாங் வேண்டுமென்றால் இப்போது இரண்டு வழிகள்தான்: தனியாக இறக்குமதி செய்வது, அல்லது செகண்ட் ஹேண்ட்.

100 ரூபாய் கார், 350 ரூபாய் ஆவது எப்படி?

40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள, முழுதாகத் தயாரான காரை இறக்குமதி செய்தால், 2025 பட்ஜெட் கணக்குப்படி சுங்க வரி 70%, விவசாயக் கட்டமைப்பு செஸ் 40%. இரண்டும் சேர்த்து 110%.

துறைமுகத்தில் 100 ரூபாயாக இறங்கும் காரை எடுத்துக்கொள்வோம். வரியோடு அது 210 ரூபாய். அதன் மேல் பெரிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 40%, அதாவது 84 ரூபாய். ஆக 294. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 20%. அது சுமார் 59 ரூபாய். மொத்தம் 353 ரூபாய்! இன்சூரன்ஸும் டீலர் லாபமும் இதில் சேரவில்லை.

'அப்படியானால் வெளிநாட்டில் பழைய கார் வாங்கிக் கொண்டுவரலாமே' என்று தோன்றும். அதற்கும் கட்டுப்பாடு உண்டு. மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரைக் கொண்டுவர முடியாது. எனவே, 2016 முதல் 2020 வரை இங்கே விற்ற கார்களைச் சுற்றித்தான் மஸ்டாங் சந்தை பெரும்பாலும் சுழல்கிறது. எண்ணிக்கை குறைவு என்பதால், கார் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்தே பேரம் நடக்கும்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஆசைகள்

சென்னையில் கார் ஆக்சஸரீஸ் என்றாலே அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு நினைவுக்கு வரும். சீட் கவரிலிருந்து அலாய் வீல் வரை அங்கே கிடைக்கும். ஆனால், மஸ்டாங் போன்ற காருக்கு ஆசைப்பட்டதையெல்லாம் மாட்டிவிட முடியாது. அதிகம் பேசப்படும் மாற்றங்கள் இவைதான்:

சைலன்சர்: பலரும் முதலில் கைவைப்பது இதில்தான். பின்பகுதியை மட்டும் மாற்றினால் சத்தம்தான் கூடும், சக்தி பெரிதாகக் கூடாது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கழற்றிவிட்டால் புகை அளவு எகிறும்.

ரீமேப்: எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது. எஞ்சினின் சக்தி கூடும். கூடவே கியர்பாக்ஸ் மீதான சுமையும் கூடும். நல்ல ஆக்டேன் பெட்ரோல் தொடர்ந்து கிடைக்காவிட்டால் எஞ்சினுக்கே ஆபத்து.

சூப்பர்சார்ஜர்: எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. அமெரிக்காவில் இதை வைத்து மஸ்டாங்கை 600 குதிரைசக்திக்கு மேல் கொண்டுபோகிறார்கள். ஆனால், சென்னை நகருக்குள் காருக்கான வேக வரம்பு 60 கி.மீ. குடியிருப்புத் தெருக்களில் 30 கி.மீ. 401 குதிரைகளே இங்கே கட்டிப்போட்ட நிலையில்தான் இருக்கின்றன.

தாழ்த்தும் ஸ்ப்ரிங்: கார் பார்க்க அழகாகும். ஆனால், மஸ்டாங் ஏற்கெனவே தாழ்வான கார். மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளிலும், அடையாறின் உள்தெருக்களிலும் இருக்கும் வேகத்தடைகள் அடிப்பாகத்தைப் பதம் பார்த்துவிடும்.

ஸ்டிக்கர் ராப்: ஆர்.சி.யில் உள்ள நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிய வேண்டும். நிறம் மாறாமல் பெயின்ட்டைக் காக்கும் ஒளிபுகும் ஃபிலிம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதம் பறிபோகும்.

அபராதத்தைக் கட்டிவிடலாம். பெரிய அடி விழுவது இன்சூரன்ஸில்தான். எஞ்சினில் செய்த மாற்றத்தை நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டு, பின்னர் விபத்து நடந்தால், கிளெய்ம் மறுக்கப்பட வாய்ப்பு உண்டு. தனியாகப் பொருத்திய ஆடியோ சிஸ்டம் போன்ற மின்சாதனங்களுக்குப் பொதுவாக அவற்றின் மதிப்பில் 4% கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். ஒரு லட்ச ரூபாய் சிஸ்டத்துக்கு வருடம் 4,000 ரூபாய். கட்டாவிட்டால், அது தொலைந்தால் தொலைந்ததுதான்.

காரின் காப்பீட்டு மதிப்பும் வருடா வருடம் குறையும். ஒரு வருடம் முடிந்ததும் 20%, நான்கு வருடம் முடிந்ததும் 50% கழிக்கப்படும். ஐந்து வருடத்தைத் தாண்டிய காருக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசி மதிப்பை முடிவு செய்ய வேண்டும். இன்று சாலையில் உள்ள பெரும்பாலான மஸ்டாங்குகள் இந்த வகைதான். அந்தப் பேச்சில் கைகொடுப்பது சர்வீஸ் பில்கள்.

மழையை மறக்காதீர்கள்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்ற காட்சியை மறந்திருக்க மாட்டோம். தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருக்கு நம் ஊர் மழைதான் முதல் எதிரி. எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாயைக் கீழே இறக்கி வைக்கும் சில வகை இன்டேக் கிட்கள், தேங்கிய தண்ணீரையும் உறிஞ்சிவிடும். தண்ணீர் புகுந்த எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் செய்தால் உள்ளே கம்பிகள் வளைந்து எஞ்சினே காலி. சாதாரண பாலிசி இதற்குக் கைகொடுக்காமல் போகலாம். 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பை எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா?

* சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். நுனியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம்.

* டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். '2318' என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஓடாமல் நின்ற காரின் டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், ரப்பருக்கு வயதாகியிருக்கும். 19 அங்குல டயர் நான்கையும் மாற்றுவது சின்னச் செலவல்ல. அதை விலையில் கழித்துக் கேளுங்கள்.

* மாற்றங்கள் செய்த கார் என்றால், கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலையைக் குறைக்க அதுவே காரணம்.

* வெளிமாநிலக் கார் என்றால் என்.ஓ.சி.யும் தமிழ்நாட்டு ஆயுள் வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடனில் வாங்கிய கார் என்றால் கடன் முடிந்ததற்கான படிவம் 35 வேண்டும்.

சீவி சிங்காரிக்காத கார்... 37 லட்சம் டாலர்!

உலகிலேயே அதிக விலைக்கு விற்ற மஸ்டாங் எது என்று 2020 ஜனவரியில் கேட்டிருந்தால், பதில் 'புல்லிட்' படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மாடல் கார். அந்த மாதம் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் அது கட்டணங்களோடு 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. படத்துக்குப் பிறகு ஒரு குடும்பம் 1974-ல் 6,000 டாலருக்கு வாங்கி, சாதாரண வீட்டுக் காராகவே ஓட்டியது. புது பெயின்ட் இல்லை, புது சீட் இல்லை. தேய்ந்த கதவும் மங்கிய பச்சை நிறமுமாக, இருந்தது இருந்தபடியே ஏலத்துக்கு வந்தது. சினிமாப் புகழோடு, அப்படியே வைத்திருந்ததும் சேர்ந்துதான் அந்த விலையைக் கொண்டுவந்தது.

நம் மஸ்டாங் கோடிகளுக்குப் போகப்போவதில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். சைலன்சருக்குப் போடும் லட்சங்களை அடுத்து வாங்குபவர் தரமாட்டார். அவருடைய ரசனை வேறாக இருக்கும். நல்ல டயர், நல்ல பிரேக் பேட், பெயின்ட்டைக் காக்கும் ஃபிலிம், முன்னும் பின்னும் டேஷ்கேம், நிறுத்தி வைக்கும் நாட்களுக்கு ஒரு பேட்டரி சார்ஜர்... இவற்றுக்குப் போடும் காசு வீண் போகாது. வேகம்தான் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. இ.சி.ஆர். அதற்கான இடமல்ல.

உறுமல் பாண்டி பஜாரில் நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். காரை விற்கிற நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்கப்போவது சர்வீஸ் ஃபைலைத்தான். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்!