பழவேற்காட்டுக் கரையில் ஒரு பகல்

சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வசிப்போருக்கு ஒரு நாள் ஓய்வு வாய்த்தால் மகாபலிபுரத்தைத் தவிர வேறிடம் ஞாபகத்துக்கு வருவதில்லை. தென்திசையே நமக்குப் பழகிவிட்டது. வடக்கே சுமார் 35 மைல் தூரத்திலுள்ள பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் சொற்பம். அவர்களிலும் பெரும்பாலோர் மோட்டாரில் வந்து, கடலை எட்டிப் பார்த்து, பொரித்த மீனைத் தின்று, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். பழவேற்காட்டைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள இவர்களுக்குப் பாத்தியதை இல்லை. அது கால்நடையாகச் சுற்றிப் பார்க்கவேண்டிய ஊர்.

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ் உண்டு. மார்கழியும் தையுமே உகந்த காலம். விடியற்காலை வண்டியைப் பிடிப்பது உத்தமம். கரையில் நிழல் அருமை. குடையும் தண்ணீரும் அவசியம். வெயிலில் குடை பிடித்து நடப்பதைக் கௌரவக் குறைவாக எண்ணும் இளைஞர்கள் மாலையில் தலைவலி மாத்திரை தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குள் முதலில் காணவேண்டியது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். அதன் வாயிலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நம்மை வரவேற்கின்றன. உள்ளே கல்வெட்டும் சித்திர வேலைப்பாடும் நிறைந்த சமாதிகள். 1613-ஆம் ஆண்டில் டச்சுக் கம்பெனியார் இங்கே ஒரு கோட்டையைக் கட்டி, தங்கள் தேசத்து மாகாணம் ஒன்றின் பெயரால் ‘கெல்டிரியா’ என்று அழைத்தார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தானம் இதுவே. இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதருமே மிச்சம்.

அவர்கள் தேடி வந்தது நம் நெசவாளர்களின் துணியை. கட்டம் போட்ட பழவேற்காட்டுத் துணி கீழ்த்திசைத் தீவுகளில் அவ்வளவு பிரசித்தி பெற்றிருந்தது. இன்றும் மலாய் நாட்டார் தாங்கள் உடுத்தும் லுங்கியை ‘கைன் பெலிக்காட்’ என்று நம் ஊர்ப் பெயராலேயே சொல்லுகிறார்கள். துணியோடு நின்றிருந்தால் பாதகமில்லை. பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சத்தால் விற்கப்பட்ட ஏழை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இதே துறையிலிருந்து அடிமைகளாகப் படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இல்லை. சமாதிகளின் சிற்ப அழகை வியக்கும்போது இதையும் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

படகுத்துறைக்கு வந்தால் ஏரி கண்முன் விரிகிறது. ஒரிஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பாரதத்தில் இதுவே பெரிய உப்பங்கழி. சுமார் 37 மைல் நீளம். பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் கிடக்கிறது. இவ்வளவு அகன்ற நீரில் ஆழம் அநேக இடங்களில் இடுப்பளவுக்கு மேல் இல்லை! நேர் எதிரே நீருக்கு அப்பால் தெரிவது பசியாவரம். அதையடுத்து இடமணி, சாத்தாங்குப்பம் முதலிய மீனவர் குப்பங்கள். கால் மைல் நீரைக் கடக்க இவ்வூரார் தலைமுறை தலைமுறையாகப் படகையே நம்பி வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளும், பிரசவ வேதனைப்படும் பெண்களும் காற்றையும் படகையும் பார்த்துக் காத்திருக்க நேர்ந்தது. நெடுநாள் முறையிட்ட பின்னரே சர்க்கார் பாலம் கட்ட முன்வந்தனர்.

இங்கே மீன் பிடிப்பதில் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. பாடு என்பது முறை. முகத்துவாரத்தை அடுத்துள்ள நல்ல வலையிடங்களை எவரும் தமக்கே சொந்தமென்று பிடித்துக்கொள்ள முடியாது. கிராமத்தார் கூடிச் சீட்டுப் போட்டு, இன்று இவருக்கு, நாளை அவருக்கு என்று பங்கிட்டுக்கொள்வார்கள். எழுதாத சட்டம், ஆயினும் கோர்ட்டுச் சட்டத்தைவிட மரியாதை அதிகம். இதில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. பரம்பரைப் பாத்தியதை இல்லாத குப்பத்தாருக்குப் பாட்டில் இடம் கிடைப்பது கஷ்டம்; அதனால் சச்சரவுகளும் உண்டு. பாடும் வலையும் இல்லாத ஏழைப் பெண்கள், ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்று நீரில் தவழ்ந்து கையாலேயே இறாலைத் துழாவிப் பிடிக்கும் காட்சியைக் கரையிலிருந்தே காணலாம். இறால் விலையைப் பேரம் பேசும் நாம் ஒரு முறையேனும் அதைக் காண்பது நல்லது.

பிறகு பாலத்தைத் தாண்டிக் கலங்கரை விளக்கத்தின் பக்கம் சென்று, கடலோரமாக வடக்கு நோக்கி நடக்கவேண்டும். வலக்கைப்புறம் சமுத்திரம் முழங்குகிறது. இடக்கைப்புறம் கழி ஓசையின்றிக் கிடக்கிறது. நடுவே ஒரு மணல் திட்டு. ஆழமற்ற சேற்றுப் பரப்பில் பூநாரைகள் கூட்டமாய் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் நீரைச் சலித்து இரை தேடும். இளஞ்சிவப்பு மேகம் நீரில் இறங்கினாற்போலிருக்கும். 1980 முதல் ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாக இருக்கிறது. கை தட்டி அவற்றைப் பறக்கவிட்டுப் படம் பிடிப்பது அநாகரிகம்.

நடையின் எல்லை முகத்துவாரம். ஏரியின் உயிர்நாடி இதுவே. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு இவ்வழியாக ஏரிக்குள் நுழைந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்கிறது. அலைகள் மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைத்துவிட்டால் குஞ்சுகள் வருவதில்லை. கோடையில் நீர் வற்றி உப்பு மிகுந்து மீன் மடிகிறது. படகுகளும் வெளியே செல்ல வழியின்றித் தரைதட்டுகின்றன. மீனவர்கள் தாங்களே பணம் சேர்த்து மணலை வெட்டித் திறந்ததுண்டு. வெட்டிய இடத்தைச் சில மாதங்களில் கடல் மூடிவிடும். தெற்கே துறைமுகங்கள் பெருகுவதால் மணலின் போக்கு மாறுகிறது என்பது அவர்களுடைய கவலை. அந்தக் கவலையை அலட்சியம் செய்வதற்கில்லை. வடக்கே அதே மணல் திட்டின் தொடர்ச்சியான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் நம் தேசத்து ராக்கெட்டுகள் விண்ணை நோக்கிச் செல்கின்றன. அவற்றை அண்ணாந்து பார்த்துப் பெருமைப்படும் தேசம், கீழேயுள்ள இந்தச் சிறு வாயைத் திறந்து வைக்க வகை காணாமலிருப்பது எனக்கு விளங்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. உல்லாசப் படகில் ஏற்றிச் செல்வதாக யாரேனும் அழைத்தால் மறுத்துவிடவேண்டும். 2011 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் தினத்தைக் கொண்டாட வந்தவர்களின் படகு இங்கே கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 20-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முகத்துவாரத்தில் குளிப்பதும் கூடாது. நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

திரும்பும் வழியில், ஊரிலுள்ள முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் வர்ணப் பெட்டிகளை வாங்கலாம். பிளாஸ்டிக் பெட்டிகளை விட இலேசானவை, பார்வைக்கும் அழகானவை. இருட்டுமுன் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டால் பொன்னேரியில் ரயிலைச் சௌகரியமாகப் பிடிக்கலாம்.