சிறு கேமராவின் ஒளிக்கணக்கு

கையடக்க டிஜிட்டல் கேமரா பகல் வெளிச்சத்தில் தரும் பளிச்சென்ற படத்தையும், அதே கேமரா மாலையில் வீட்டுக்குள் தரும் மங்கலான, புள்ளி புள்ளியான படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தம் கையைக் குறை சொல்கிறார்கள், அல்லது கேமராவை விற்ற கடைக்காரரைக் குறை சொல்கிறார்கள். உண்மையில் இந்த வேறுபாட்டுக்கு முதற்காரணம் லென்சுக்குப் பின்னால் இருக்கும் சென்சாரின் அளவு. சென்சார் என்பது தன்மேல் விழும் ஒளியை மின்சைகையாக மாற்றும் சிலிக்கன் சில்லு. கடைகளில் மிகுதியாக விற்ற சிறு கேமராக்களில் இருப்பது '1/2.3 அங்குல' சென்சார். பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை ஒட்டி வழங்கிவரும் இந்தக் கணக்கு சில்லின் மெய்யான அளவைச் சொல்வதில்லை. மெய்யான அளவு ஏறத்தாழ 6.2 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. அகலமும்தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் பிடிக்கும் பரப்பு இதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு.

ஒரே துளையளவிலும் ஒரே ஷட்டர் நேரத்திலும் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஒளி சமமே என்பதால், சென்சாரின் பரப்பு குறையும் அளவுக்குப் படம் முழுவதற்கும் கிடைக்கும் ஒளியும் குறைந்துபோகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மின்சைகையைப் பெருக்கும்போது, குறைந்த ஒளியில் இயல்பாகவே இருக்கும் ஏற்ற இறக்கங்களும் சேர்ந்து பெருகி, படத்தில் ஒழுங்கற்ற புள்ளிகளாகத் தெரிகின்றன; ஒளிப்படத் துறையினர் 'இரைச்சல்' என்று சொல்வது இதைத்தான். பெருக்கத்தின் அளவைக் குறிப்பதே ஐ.எஸ்.ஓ. எண்.

இத்தனை சிறிய பரப்பை மேலும் மேலும் கூறுபோட்டு, 'இத்தனை மெகாபிக்சல்' என்று விளம்பரம் செய்த போட்டி பல ஆண்டுகள் நடந்தது. 2008-இல் கேனன் நிறுவனம் வெளியிட்ட பவர்ஷாட் ஜி10 கேமராவில் 14.7 மெகாபிக்சல் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஜி11-இல் சென்சாரின் அளவை மாற்றாமலே அந்நிறுவனம் எண்ணிக்கையை 10 மெகாபிக்சலாகக் குறைத்தது. இதனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. எண்ணைக் குறைத்துக்காட்டி ஒரு கேமராவை விற்பதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு பிற நிறுவனங்களுக்கு எளிதில் தொற்றவில்லை. 2012-இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தபோது வேறு வழி தென்பட்டது: சட்டைப்பைக்குள் அடங்கும் உடலிலேயே 13.2 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமும் உள்ள சென்சாரை வைத்துவிட்டார்கள்.

கையில் இருக்கும் கேமராவின் சென்சாரை யாரும் பெரிதாக்கிவிட முடியாது. அதற்குப் போய்ச்சேரும் ஒளியைக் கூட்ட முடியும். இதில் முதலில் கவனிக்க வேண்டியது ஜூம். ஜி11 வந்த 2009-ஆம் ஆண்டிலேயே வெளியான பவர்ஷாட் எஸ்90-ஐ எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 2 வரை திறக்கும்; ஜூமை முழுவதும் நீட்டினால் எஃப் 4.9-க்கு மேல் திறக்காது. எஃப் எண் என்பது லென்சின் குவியத் தூரத்தை ஒளி புகும் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. எண் கூடினால் சென்சாரை அடையும் ஒளி குறையும். இந்த இரு எண்களுக்கும் இடையே ஒளி ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. அகலக் கோணத்தில் 1/60 நொடியில் எடுத்திருக்கக்கூடிய படத்துக்கு, ஜூமின் கடைசியில் 1/10 நொடி தேவைப்படும். கையில் பிடித்து எடுத்தால் படம் ஆடிவிடும் என்று கேமராவே அஞ்சி, ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றிவிடும். ஆகவே மங்கிய வெளிச்சத்தில் ஜூமை நீட்டுவதைவிட நான்கடி முன்னால் நடந்துபோவதே மேல். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. அதை மெனுவில் அணைத்துவிட வேண்டும்.

துளையைச் சுருக்கினால் தெளிவு கூடும் என்பது ஃபிலிம் காலத்துப் பாடம்; சிறு சென்சாரில் அந்தப் பாடம் ஓரளவுக்கு மேல் செல்லாது. எஸ்90-இன் மெய்யான குவியத் தூரம் அகலக் கோணத்தில் 6 மி.மீ. மட்டுமே என்பதால், எஃப் 4-இல் 2 மீட்டர் தொலைவில் குவியம் வைத்தாலே சுமார் 1 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழுந்துவிடும். அதற்கு மேலும் சுருக்கி எஃப் 8-க்குப் போனால், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதும் சற்றே மழுங்கும்.

அசையாத பொருளை எடுக்கும்போது கேமராவைச் சுவர்மீதோ மேசைமீதோ வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 80 அல்லது 100-இல் நிறுத்தி, 2 நொடி டைமரை முடுக்கிவிடுவது போதும்; பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் அதிர்வுகூடப் படத்தில் சேராது. படம் ஆடாமல் காக்கும் ஐ.எஸ். வசதி கையின் நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும், ஓடும் குழந்தையை அது நிறுத்தாது.

இனி வருவது பெரும்பாலோர் தொடாமலே விடும் பகுதி. கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொண்டு ஒளியை அளக்கிறது. சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் படமெடுத்தால், பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைக் கண்டு மானி ஒளியைக் குறைத்துவிடுகிறது. சன்னல் கம்பிகள் துல்லியமாகத் தெரிய, பாட்டியின் முகம் கருத்துப்போகிறது. வெள்ளை வேட்டி சாம்பலாக விழுவதும் இதே கணக்கால்தான். இதற்கு மாற்று 'எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்' என்னும் ஒளித் திருத்தம்: +1 வைத்தால் ஒளி இருமடங்காகும், -1 வைத்தால் பாதியாகும். பாட்டியின் முகத்துக்கு +1-இல் தொடங்கி, போதாவிட்டால் இன்னும் ஏற்றலாம். சன்னல் வெளுத்துப்போகும், போகட்டும், படம் பாட்டியுடையது. இருண்ட மேடையில் விளக்கொளி படும் நடனக் கலைஞரை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக -1 தேவைப்படும். பொத்தானைப் பாதி அழுத்தினால் பெரும்பாலான கேமராக்களில் குவியமும் ஒளியளவும் பூட்டப்பட்டுவிடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். முகத்தைப் பார்த்துப் பாதி அழுத்தி, பிறகு சட்டத்தைத் திருத்தி முழுவதும் அழுத்துவதால், படம் பதிய ஆகும் தாமதமும் வெகுவாகக் குறையும்.

ஃப்ளாஷ் இரவுக்கென்றே வைத்த கருவி என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சிறு கேமராவைப் பொறுத்தவரை அது பகலில்தான் அதிகம் பயன்படும். தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்பதால், 2 மீட்டரில் இருப்பவரின் முகம் வெளுக்க, 4 மீட்டரில் இருப்பவர் இருட்டில் நிற்பார். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து ஃப்ளாஷ் அடிப்பவர்கள் முன்வரிசைத் தலைகளைத்தான் படமெடுக்கிறார்கள். உச்சி வெயிலில் கண்குழியில் விழும் நிழலைப் போக்கவோ, மேலே சொன்ன பாட்டியின் முகத்தைச் சன்னலையும் இழக்காமல் மீட்கவோ அதே ஃப்ளாஷ் நன்றாகவே உதவும். இதில் சிறு கேமராவுக்கு ஒரு தனிச் சலுகையும் உண்டு. பெரிய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஃப்ளாஷ் பொதுவாக 1/200 அல்லது 1/250 நொடியோடு நின்றுவிட, லென்சுக்குள்ளேயே ஷட்டர் அமைந்த பல சிறு கேமராக்கள் அதைவிடக் குறுகிய நேரத்திலும் ஃப்ளாஷோடு இணங்கி இயங்குகின்றன.

அடுத்த இதழில் குழல்விளக்கின் பச்சையையும் பல்பின் மஞ்சளையும் நீக்கும் வெள்ளைச் சமநிலை பற்றிப் பார்க்கலாம். அதற்குள் வாசகர்கள் தத்தம் கேமராவில் +/- குறியிட்ட பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, ஒரே சன்னலை 0, +1, -1 என மூன்று முறை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.