ஆர்&ஆர்-இல் இரவுத் தூக்கம்: காரோடு எஞ்சினையும் நிறுத்துங்கள்

தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறை என்றால் ஜொகூரிலிருந்து கெடாவுக்கும், பினாங்கிலிருந்து சிரம்பானுக்கும் இரவோடு இரவாகப் புறப்படும் குடும்பங்கள் ஏராளம். வெயில் இல்லை, பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள் என்பதே காரணம். புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை சுமார் 772 கிலோமீட்டர் நீளும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில், விடுமுறைக் காலத்து விடியற்காலையில் ஆர்&ஆர் ஓய்வுப் பகுதிக்குள் நுழைந்தால், கார்களுக்குள் பலர் உறங்குவதைக் காணலாம். படுக்கை வசதி செய்த வேன்களும், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேம்பர் டிரெய்லர்களும் இப்போது அவர்களோடு சேர்ந்துள்ளன.

தூக்கம் வந்தால் நிறுத்துவதே சரி

தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுவதைவிட வண்டியை நிறுத்தித் தூங்குவதே சரி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு முதல் மது அருந்தி ஓட்டுவதற்கான சட்ட வரம்பும் அதே 50 மில்லிகிராம்தான். பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு இரவு 11 மணிக்குப் புறப்படுபவர், வழியிலேயே இந்த நிலைக்கு வந்துவிடலாம்.

ஆனால் அவசரத் தடத்தில் நிறுத்தித் தூங்கக் கூடாது. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கும் அதே தூக்கம் இருக்கலாம். ஆர்&ஆர் அல்லது சாலையோரச் சிறு நிறுத்தமான ஹெந்தியான் செபெலா வரை சென்றுவிடுவது நல்லது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்தி, கதவுகளைப் பூட்டுங்கள். கைப்பையும் கைப்பேசியும் வெளியே தெரிய வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோன் போட்டு, கண்ணாடிகளை மூடித் தூங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளது. அதற்கு நிறமோ வாசனையோ இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். தூங்குபவருக்கு இவை எதுவும் தெரியாது. தூக்கத்திலிருந்து அப்படியே மயக்கத்துக்குச் சென்றுவிடுவார். நம் நாட்டில் இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு.

துருப்பிடித்து ஓட்டை விழுந்த புகைக்குழாய், தேய்ந்துபோன பின்கதவு ரப்பர் ஆகியவற்றின் வழியாகப் புகை உள்ளே வரலாம். வண்டியின் பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றாலும் புகை தேங்கும். உங்கள் எஞ்சின் அணைந்திருந்தாலும், பக்கத்து வாகனத்தின் புகை உங்கள் ஜன்னல் அருகே வரலாம். கண்ணாடியைச் சிறிது இறக்கிவிட்டால் எஞ்சினை ஓடவிடலாம் என்பதும் தவறான நம்பிக்கை. அந்தச் சிறு இடைவெளி பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல.

புழுக்கத்துக்கு என்ன செய்வது?

எஞ்சினை நிறுத்திவிட்டு, எதிரெதிர்க் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்குங்கள். ஜன்னலுக்குக் கொசுவலைத் துணி, மின்கலத்தில் ஓடும் சிறு விசிறி, குடிக்கத் தண்ணீர் ஆகியவை இருந்தால் இரவைச் சமாளிக்கலாம். கோலாலம்பூர்-காராக் நெடுஞ்சாலையில் பயணம் என்றால், மலைமேல் உள்ள கெந்திங் செம்பா ஆர்&ஆர் குளுமையாக இருக்கும். 20 நிமிடக் குட்டித் தூக்கமே கண்ணைத் தெளிவாக்கும். எழுந்தவுடன் ஓட்டாமல், முகம் கழுவிச் சற்று நடந்த பிறகு புறப்படுங்கள். அதற்குப் பிறகும் கண் சொருகினால், அடுத்த ஊரில் அறை எடுத்துத் தங்கும் செலவு வீண் அல்ல.

கேம்பர் டிரெய்லரில் வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ பற்றவைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. அணைந்ததுபோல் தெரியும் கரியும் இந்த வாயுவை வெளியிடும். ஜெனரேட்டரை ஜன்னல் அருகே ஓடவிடக் கூடாது. மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கை அருகே பொருத்துவது அவசியம். ஆர்&ஆர் எல்லாருக்குமான ஓய்விடம் என்பதால், நாற்காலி, கூடாரம் விரித்து மற்றவர்களின் இடத்தை அடைக்காதீர்கள்.

யாராவது மயங்கினால்

காருக்குள் இருப்பவர் தட்டியும் எழவில்லை என்றால், கதவுகளைத் திறந்து எஞ்சினை நிறுத்தி, அவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 999-க்கு அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் தொலைபேசியில் சொல்லும்படி முதலுதவியைத் தொடங்குங்கள். விழித்துக்கொண்டாலும் மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும். தூய ஆக்சிஜன் கொடுப்பதே இதற்கான சிகிச்சை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய இரத்தத்தையும் அது ஆக்சிஜன் உள்ள இரத்தமாகவே காட்டக்கூடும்.

அடுத்த நெடும்பயணத்துக்கு முன் பட்டறையில் டயரையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லும்போது, புகைக்குழாயையும் பின்கதவு ரப்பரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.