பணியிடை நீக்கமும் பணிநீக்கமும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வழித்தடத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

2010 ஜூனில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் நடந்த உள்ளிருப்பு வேலைநிறுத்தம், பணிநீக்கம் செய்யப்பட்ட 67 தொழிலாளரை மீண்டும் சேர்க்கக் கோரியது. 2025 பிப்ரவரியில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் எழுந்த போராட்டத்திற்குச் சங்க நிர்வாகிகள் மூவரின் பணியிடை நீக்கம் காரணமாயிற்று. முன்னது நிலையான விலக்கம், பின்னது தற்காலிகமானது. தற்காலிகமானது இலேசானது என்னும் பொது எண்ணம் சட்டத்தின் அமைப்போடு முழுதும் பொருந்துவதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பணியிடை நீக்கம் என்னும் ஒரே சொல் இருவேறு செயல்களைக் குறிக்கிறது. ஒன்று, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின் வழங்கப்படும் தண்டனை. 1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட மத்திய மாதிரி நிலையாணைகள் இதனை ஒரு முறைக்கு நான்கு நாள்களுக்கு மேற்படாமல் வரையறுத்தன. மற்றொன்று, விசாரணை முடியும்வரை விலக்கிவைத்தல். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவருக்கு நான்கு நாள். குற்றம் சாட்டப்பட்டவருக்கோ மாதக்கணக்கிலும் நீளலாம்.

இம்முரணைத் தமிழ்நாடு காலவரையறையால் அன்றிப் பணத்தால் தீர்க்க முயன்றது. 1981ஆம் ஆண்டின் பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாள்களுக்கு ஊதியத்தில் 50 விழுக்காடு, 180 நாள்கள் வரை 75 விழுக்காடு, அதன்பின் முழு ஊதியம். விசாரணை நீள நீள நிர்வாகத்தின் செலவு ஏறும் என்பதே இதன் தருக்கம். பன்னாட்டு ஆலையொன்றுக்குச் சிலரின் ஊதியம் ஒரு சுமையாகுமா என்பது ஐயத்திற்குரியது. சங்க நிர்வாகியை ஆலை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதன் பயன் அத்தொகையினும் பெரிதாக இருக்கலாம்.

பணிநீக்கத்தில் இழப்பு முழுமையானது; ஆயினும் எதிர்த்து வழக்காட ஓர் இறுதி ஆணை கையில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தில் 2அ பிரிவு தனியொருவரின் பணிநீக்கத்தையே தொழிற்தகராறாகக் கொண்டது. தண்டனை மிகையெனில் அதனைக் குறைக்கும் அதிகாரத்தை 11அ பிரிவு தொழிலாளர் நீதிமன்றத்திற்கு அளித்தது. பணியிடை நீக்கம் 2அ பிரிவில் இடம்பெறவில்லை. எனவே சங்கத்தின் துணையின்றி அத்தொழிலாளர் அவ்வழியில் செல்ல இயலவில்லை. சங்கமோ அவரை இழந்ததாலேயே தளர்ந்திருக்கக்கூடும்.

2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், விசாரணை 'சாதாரணமாக' 90 நாள்களுக்குள் முடிய வேண்டும் என்கிறது. அச்சொல்லே போதிய இடைவெளியை விட்டுவைக்கிறது. பிழைப்பூதியமும் அச்சட்டத்தில் 75 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது.

இவையனைத்தும் நிரந்தரத் தொழிலாளருக்கே பெரிதும் பயன்படுவன. இவ்வழித்தடத்தில் மிகுதியாக உள்ள ஒப்பந்தத் தொழிலாளருக்கும் பயிற்சியாளருக்கும் குற்றச்சாட்டு, விசாரணை, ஆணை என எதுவும் இன்றியே விலக்கம் நிகழ்ந்துவிடலாம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதிருந்தால் போதும்.