பழைய மார்புப் படத்தை எறியலாமா?

வானகரத்தில் நம் குடும்பங்கள் பலவற்றில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெரிய பழுப்பு உறை கிடக்கும். அதனுள், தாத்தாவுக்கோ பாட்டிக்கோ என்றோ எடுத்த மார்பு எக்ஸ்ரே படம் இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் அது குப்பைக்குப் போய்விடுகிறது. "இப்போதுதான் கம்ப்யூட்டரிலேயே படம் வருகிறதே, இது எதற்கு?" என்கிறோம். எறியுமுன் சற்றுப் பொறுங்கள் என வேண்டவே இதனை எழுதுகிறோம்.

1895-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் கண்ட கதிரே இரு முறைகளிலும் பயன்படுகிறது. மாறியிருப்பது கதிரன்று, அதனைப் பதிக்கும் முறையே. பிலிமில் கதிர் மிகுந்தால் படம் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். டிஜிட்டல் கருவியோ கதிரின் அளவை எண்களாகப் பதிகிறது. மருத்துவர் திரையில் ஒளியைக் கூட்டியும் குறைத்தும், பெரிதாக்கியும் பார்க்கலாம். இதயத்தின் பின்னே மறைந்த பகுதியும் ஓரளவு தெளிவாகும்.

அப்படியாயின் நுரையீரலில் தோன்றும் சிறு முடிச்சு இனித் தப்பாதா? தப்பக்கூடும். 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத உருண்டை நிழலையே முடிச்சு என்பர். விலா எலும்போ காரை எலும்போ அதன்மேல் படிந்தால், எம்முறைப் படத்திலும் அது ஒளிந்துகொள்ளும். நெடுநாள் புகைபிடித்த 53,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய அமெரிக்க ஆய்வின் முடிவு 2011-இல் வெளிவந்தது. எக்ஸ்ரே எடுத்தோரைவிட, குறைந்த கதிர் சி.டி. ஸ்கேன் எடுத்தோரிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆயினும் எக்ஸ்ரேயை இகழ்வதற்கில்லை. 1956-இல் சென்னையில் தோன்றி, சேத்துப்பட்டில் இயங்கும் காசநோய் ஆய்வு நிறுவனம் முன்னின்று, 2019 முதல் 2021 வரை நாடெங்கும் கணக்கெடுப்பு நடத்தியது. மார்புப் படம் எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால், நோயாளிகளுள் 42.6 விழுக்காட்டினர் கண்டறியப்படாமலே போயிருப்பர் என்று அது காட்டிற்று.

நம் நாட்டில் ஒரு முடிச்சு, ஆறிப்போன காசநோயின் தழும்பாகவும் இருக்கலாம். புற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஒரே படத்தைக் கொண்டு உறுதி சொல்வது அரிது. கெட்டியான முடிச்சு இரண்டு ஆண்டுகள் அளவு மாறாதிருந்தால் அது பெரும்பாலும் தீங்கற்றது. வளர்ந்திருந்தால் தாமதமின்றி மேற்சோதனை வேண்டும். இவ்வேறுபாட்டை உரைக்கும் சாட்சி அந்தப் பழைய படமே!

எனவே உறையின்மேல் பெயரும் நாளும் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். டிஜிட்டல் படம் எடுத்தால், அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல் படத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவரிடம் செல்லும்போது இரண்டையும் மறவாது எடுத்துச் செல்வோம்.